பல்லுப் பிடுங்க ஒரு துணை

“ஆரோட வந்தனீங்கள்?” என்று டொக்டர் பிள்ளை கேட்டாள்.

பல்லு டொக்டரிடம் போனால் பல்லைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று நினைத்துப் போனவள் நான். எந்தப் பல்லு, எத்தனை நாளாக, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறதா என்பதற்கெல்லாம் மறுமொழியை பஸ்ஸிலேயே ஆயத்தம் செய்திருந்தேன். ஆரோடு வந்தேன் என்பதற்கு ஆயத்தம் செய்யவில்லை.

“தனியத்தான்,” என்றேன்.

“இண்டைக்குப் பரவாயில்லை. வெட்டேக்க ஒராள் கட்டாயம் வேணும் அம்மா. இது சும்மா ஆட்டிப் பிடுங்கிற பல்லு இல்லை, எலும்புக்குள்ள சரிஞ்சு கிடக்கு. உங்களுக்குப் பிறசரும் இருக்கு. தலை சுத்தினால் ஆர் பிடிக்கிறது? வாற புதன்கிழமை ஆரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

“ஆளில்லாட்டி?”

“ஆளில்லாட்டி ஏலாது,” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவளில் பிழை இல்லை. முப்பது வயது இருக்கும். வெளிக் கதவில் சர்மிதா என்று பெயர்ப்பலகை, வாய் நிறைய நல்ல வெள்ளைப் பல்லு. ஆளில்லாத மனிசர் என்று ஒரு சாதி இருப்பதே அவளுக்குத் தெரிந்திருக்காது.

என் பெயர் சத்தியபாமா. புங்குடுதீவில் முப்பத்து மூன்று வருடம் தபால் கந்தோரில் இருந்து பென்சன் எடுத்தவள். மடத்துவெளியில் அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறேன். ஆறு அறை. நான் புழங்குவது ஒரு அறையும் குசினியும். மற்ற ஐந்தையும் வெள்ளிக்கிழமைகளில் திறந்து கூட்டிவிட்டுப் பூட்டுவேன். தம்பிமார் இரண்டு பேர், ஒருவன் பிரான்சில், மற்றவன் கனடாவில். எனக்குக் கலியாணம் சரிவரவில்லை. ஏன் சரிவரவில்லை என்பதை ஊர் போதுமான அளவு கதைத்து முடித்துவிட்டதால் நான் இங்கே மினக்கெடவில்லை.

பல்லுக்கொதி தொடங்கி மூன்று கிழமை. கராம்பு வைத்தேன், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன், பிள்ளையாருக்குத் தேங்காய் அடிப்பதாக நேர்ந்தேன். பிள்ளையாருக்கே ஒரு கொம்பு முறிந்து கிடக்கிறது, அவரிடம் போய்ப் பல்லைப் பற்றிக் கேட்டது என்னுடைய பிழை. கடைசியில்தான் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருந்து ஆட்களை எண்ணினேன். என் வீட்டுக்கு இடப்பக்கத்து வீடு லண்டன். வலப்பக்கத்து வீடு சுவிஸ். படலையில் பூட்டுத்தான் இருக்கிறது, ஆனால் வீட்டுக்காரர் போன இடத்தை வைத்துத்தான் நாங்கள் வீடுகளைச் சொல்வோம். எதிர்வீட்டு வல்லிபுரம் அண்ணை ஊரில்தான் இருக்கிறார், ஆனால் அவரை நடத்தவே இரண்டு பேர் வேண்டும். அன்னபூரணம் அக்கா நல்ல மனிசி. கோழி அறுப்பதைக் கண்டாலே மயங்கி விழுவா. பிறகு நான் வாயில் பஞ்சோடு அவவைப் பிடிக்க வேண்டியிருக்கும். பாரிஸில் இருக்கும் தம்பி கணநாதனுக்குச் சொன்னால், “அக்கா, ஒரு ஆளைப் பிடியுங்கோ,” என்பான். ஆளைப் பிடிப்பதற்கு இங்கே என்ன, ஆள் சந்தையா கூடுகிறது? வேலணை வருவதற்குள் எண்ணி முடித்துவிட்டேன்.

ஒருத்தி இருந்தாள். சறோஜினிதேவி. எங்கள் ஒழுங்கையிலேயே மூன்றாம் வீடு. என்னைவிட நான்கு வயது இளையவள். புருசன் இல்லை, ஒரே மகள் தர்சனா லண்டனில். கூப்பிட்டால் வருவாள். ஆனால் அவளுக்கும் எனக்கும் மூன்று மாதமாகக் கதைபேச்சு இல்லை.

அதற்கு முந்திய ஏழு வருடமும் நாங்கள் பிரிந்திருந்தது மழை நாளிலும் செத்தவீட்டுத் துடக்கு நாளிலும் மட்டும்தான். பின்னேரம் ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க சறோஜினி என் படலையைத் திறப்பாள். நான் தேத்தண்ணி ஊற்றி வைத்திருப்பேன். ஏழு மணிக்கு ரீவியில் நாடகம் தொடங்கும். அந்த நாடகத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு பெரிய வீடு, அதில் பத்துப் பதினைந்து பேர், ஒருவருக்கும் வேலைவெட்டி இல்லை. காலையில் எழும்பிப் பட்டுச்சீலை உடுத்தி, நகை போட்டு, ஒருத்திக்கு ஒருத்தி குழி பறிப்பார்கள். ஒரு கன்னத்தில் அறைந்தால் அந்த அறையை மூன்று பக்கத்தில் இருந்து மூன்று தரம் காட்டுவார்கள். நாங்கள் அதைப் பார்க்கவில்லை, அதோடு சண்டை பிடித்தோம் என்பதுதான் சரி.

“அடி மூதேவி, அந்தப் பாலைக் குடியாதை!” என்று சறோஜினி ரீவியைப் பார்த்துக் கத்துவாள்.

“குடிக்கட்டும். அவளுக்குப் புத்தி வந்தால் நாடகம் முடிஞ்சிடும்,” என்பேன் நான்.

விளம்பரம் வந்தால் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஊர்க்கதை. அது எட்டரை வரைக்கும் போகும். பிறகு அவள் எழும்பி, “அப்ப நான் போட்டு வாறன் பாமாக்கா,” என்பாள். இப்போது தனியே இருந்து பார்க்கிறபோதுதான் எனக்கு ஒன்று விளங்குகிறது. பொழுதுபோக்குக்கு ஆகக்குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருத்தியாக இருந்து நாடகம் பார்த்தால், அவள் பாலைக் குடிக்கிறாள், குடித்துவிட்டு விழுகிறாள், அவ்வளவுதான். “பாத்தீரோ?” என்று கேட்க ஆளில்லாவிட்டால் அதில் என்ன இருக்கிறது? நான் சில நாள் அடுத்த கதிரைப் பக்கம் திரும்பி வாயைத் திறந்துவிட்டு மூடியிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது.

சண்டை என்று வாய்ச்சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் நல்லது. கத்திவிட்டு மறுநாள் பின்னேரம் தேத்தண்ணி குடித்திருப்போம்.

வைகாசியில் தர்சனாவுக்கு லண்டனில் கலியாணம். சறோஜினிக்கு விசா கிடைக்கவில்லை. இரண்டு தரம் போட்டும் மறுத்துவிட்டார்கள். கலியாணத்தை நேரடியாகக் காட்டுவோம், நீங்கள் வீட்டில் இருந்து பாருங்கோ அம்மா என்று மகள் சொல்லி, அதற்கென்று சறோஜினி வீட்டுக்குப் பெரிய ரீவி ஒன்றும் வந்து இறங்கியது. அதுவரைக்கும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் ரீவி போதாதா என்று ஒரு சின்ன எரிச்சல் இருந்தது உண்மை, ஆனால் அதை நான் காட்டிக்கொள்ளவில்லை.

கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்க சறோஜினி வீடு வீடாகப் போய்ச் சொல்லத் தொடங்கினாள். அன்னபூரணம் அக்கா வீட்டுக்குக் குங்குமத்தோடு போனாள் என்று கேள்விப்பட்டேன். வல்லிபுரம் அண்ணைக்குச் சொன்னாள். சந்தியில் கடை வைத்திருக்கிற கிறிஸ்தோப்பருக்குக்கூடச் சொன்னாள். நான் முற்றம் கூட்டி, நல்ல கதிரையைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அந்தக் கிழமை முழுக்க அவள் பின்னேரத்தில் என்னிடம் வந்து நாடகம் பார்த்தாள், தர்சனாவின் கூறைச்சீலையின் நிறம் சொன்னாள், மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிக் குறை சொன்னாள், போனாள். குங்குமம் கொண்டு வந்து, “அக்கா, கட்டாயம் வரவேணும்,” என்று ஒரு சொல் சொல்லவில்லை. கலியாணத்துக்கு முதல்நாள் என் போன் ‘டிங்’ என்றது. ஊருக்கெல்லாம் அனுப்பிய லிங்க் எனக்கும் வந்திருந்தது. மேலே பொம்பிளை மாப்பிள்ளை இரண்டு பேரின் படம், கீழே ‘அனைவரும் வருக’.

அனைவரும்! நான் அனைவரில் ஒருத்தியா?

எங்கள் பக்கத்து முறை வேறு ஊராருக்கும் தெரிந்திருக்கும். நல்லதுக்குச் சொல்ல வேணும், கெட்டதுக்குச் சொல்லாமல் போகவேணும். செத்தவீட்டுக்கு அழைப்புப் பார்த்து நிற்பவன் மனிசன் இல்லை. கலியாண வீட்டுக்குச் சொல்லாமல் போகிறவளுக்கு மானம் இல்லை. முப்பத்து மூன்று வருடம் ஊராரின் கலியாண அழைப்புக் காட்டெல்லாம் என் கையால்தான் முத்திரை குத்திப் போனது. தபாலில் வந்த காட்டைக்கூட ‘சொன்னதாக’ எடுக்காத சனத்தின் நடுவில் வளர்ந்தவள் நான். போனில் வந்த லிங்கை எப்படி எடுப்பேன்?

போகவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு முன்கதவைச் சாத்திவிட்டு, அறைக்குள் போனைத் தலையணையில் சாத்தி வைத்துக்கொண்டு தர்சனாவின் கலியாணத்தை முதலில் இருந்து கடைசிவரை பார்த்தேன். லண்டனில் அப்போது காலை ஒன்பதரை. தாலி கட்டும்போது நான் தனியே இருந்து அழுதேன். குழந்தையாய் என் கந்தோர் மேசையில் ஏறியிருந்து முத்திரைச் சீல் விளையாடிய பிள்ளை அது. மூன்றாம் வீட்டில் ஊரே கூடிக் குரவை போடும், அந்தச் சனத்துக்குள் நான் இல்லாதது ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தநாள் ஏழு மணிக்கு அவள் வரவில்லை. நானும் போய் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. கோபம் பாவம் சண்டாளம் என்பார்கள். என்னுடையது கோபம்கூட இல்லை, வெறும் வீம்பு. வீம்புக்குச் சோறு போடத் தேவையில்லை, தானாகவே வளரும்.

இந்த நிலையில்தான் எனக்குப் பல்லு வெட்ட ஒரு துணை தேவைப்பட்டது.

நேரே போய்க் கேட்டால் வீம்பு விழுந்துவிடும். கேட்காவிட்டால் பல்லு கிடக்கும். இரண்டு இரவு புரண்டு புரண்டு ஒரு வழி கண்டுபிடித்தேன். பல்லு வெட்டுவது நல்லதா, கெட்டதா? கெட்டதுதான். கத்தி, ஊசி, இரத்தம் எல்லாம் இருக்கிறது, ஆரும் பூமாலையோடு வருவதில்லை. அப்படியென்றால் அது சொல்லாமல் வரவேண்டிய காரியம். நான் அழைக்கத் தேவையில்லை, அவள் கேள்விப்பட்டால் போதும். இத்தனை நுணுக்கமாக நான் கந்தோர் வேலையில் யோசித்திருந்தால் கொழும்புக்குப் பெரிய உத்தியோகமாகப் போயிருப்பேன்.

கேள்விப்பட வைக்கிறதற்குக் கிறிஸ்தோப்பரின் கடை இருக்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, கிறிஸ்தோப்பரின் வாய்க்கு மூடியே செய்யப்படவில்லை. சனிக்கிழமை சீனி வாங்கப் போனேன்.

“என்ன அக்கா, முகம் வீங்கிக் கிடக்கு?”

“கடைவாய்ப் பல்லு கிறிஸ்தோப்பர். புதன்கிழமை யாழ்ப்பாணத்தில வெட்டி எடுக்கப்போகினம். விடிய ஏழு மணி பஸ்ஸில போறன்.” கடையில் நின்ற மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன். “துணைக்கு ஆளில்லாட்டி வெட்டமாட்டினமாம்.”

“அப்ப ஆர் உங்களோட வருகினம்?”

“ஆராவது வருவினம்தானே,” என்றுவிட்டுச் சீனியை மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிறு ஆரும் வரவில்லை. திங்கள், அன்னபூரணம் அக்கா ஒழுங்கை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “கவனம் பாமா, பல்லுப் போனால் சொல்லுப் போச்சு,” என்று ஆறுதல் சொன்னா. செவ்வாய் பின்னேரம் ரீவியைப் போட்டேன். நாடகத்தில் மூத்த மருமகளுக்கு ஆஸ்பத்திரி. கட்டிலைச் சுற்றிப் பதினேழு பேர் நின்றார்கள். எண்ணிப் பார்த்தேன், பதினேழு. அவளுக்கு வந்தது வெறும் மயக்கம். ஒருத்திக்கு மயக்கம் வந்தால் பதினேழு பேர் பட்டுச்சீலையோடு வந்து நிற்பது எந்த ஊரில் என்று கேட்க வாய் வந்தது. பக்கத்தில் ஆளில்லை. ரீவியை நிறுத்திவிட்டேன்.

படுக்கும்போது இரண்டு பொய் ஆயத்தம் செய்தேன். மகன் வெளியில் மோட்டார் சைக்கிளோடு நிற்கிறான் என்று சொல்லலாம். அல்லது வெளியே காத்திருக்கிற நோயாளர் ஒருவரைக் காட்டி அவர் என் சகோதரம் என்று சொல்லலாம். அறுபத்திரண்டு வயதில் ஒரு பல்லுக்காக இல்லாத மகனை உண்டாக்க வேண்டி வந்ததை நினைத்தபோது பல்லுக்கொதியைவிட அது கூடக் கொதித்தது.

புதன் விடிய பஸ் தரிப்பில் சறோஜினி நின்றாள்.

குடை, கைப்பை, தண்ணீர்ப் போத்தல். என்னைக் கண்டு முகத்தைத் திருப்பவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

“எங்க?” என்றேன்.

“யாழ்ப்பாணம்.”

“நானும்தான்.”

“தெரியும்.”

குறிகட்டுவான் துறையில் இருந்து வந்த பஸ்ஸில் நயினாதீவுக்குப் போய்த் திரும்புகிற சனம் நிறைந்திருந்தது. எனக்கு முன்னால் ஒரு இருக்கை கிடைத்தது. அவள் பின்னால் போய் நின்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எனக்குள் ஒரு சந்தோசம் குதித்தது, அதை மறைப்பது பெரிய பாடாகப் போய்விட்டது. வந்துவிட்டாள். நான் கேட்காமலே வந்துவிட்டாள். வீம்பில் நான்தான் வென்றேன். இப்படித்தான் நினைத்தேன், இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பல்லு டொக்டரிடம் பதிவு செய்கிற மேரிசுகந்தி என்ற பிள்ளை ஒரு கடதாசியை நீட்டினாள். துணைக்கு வந்தவரின் பெயர், உறவுமுறை. சறோஜினி பெயரை எழுதினாள். பேனாவை ஒரு கணம் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உறவுமுறை என்ற இடத்தில் ‘அயல்’ என்று எழுதினாள். அயல்தான். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஊசி அங்கேயே ஒன்று ஏறிவிட்டது.

உள்ளே நடந்ததைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். விறைப்பு ஊசி போட்டார்கள். அரைக் கன்னம் என்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது. காத்திருக்கும் அறையில் ரீவி ஓடிக்கொண்டிருந்தது, ஏதோ பகிடி நிகழ்ச்சி. அங்கே சனம் விழுந்து விழுந்து சிரிக்க, இங்கே என் வாய்க்குள் தச்சுவேலை நடந்தது. அரிகிற சத்தம், உடனே ஒரு கைதட்டல். பல்லு உடைகிற சத்தம், உடனே சிரிப்பு. இதற்கு மேலே ஒரு பொழுதுபோக்கை ஆராலும் செய்ய முடியாது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு தூரப் போனது.

“கூட வந்தவவைக் கூப்பிடுங்கோ!” என்று டொக்டர் பிள்ளை சொன்னது கேட்டது.

சறோஜினி வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையால் என் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். “ஒண்டுமில்லை, முடிஞ்சுது, முடிஞ்சுது,” என்றாள். எனக்குக் கண்ணீர் வந்தது. நோவில் வந்ததாக டொக்டர் பிள்ளை நினைத்து இன்னொரு ஊசி போட்டாள். நோவே இல்லை. டொக்டரின் கையுறையை விட்டால், மூன்று மாதத்தில் ஒரு மனிசக் கை என் மேல் பட்டது அதுதான் முதல் தரம். கடையில் மிச்சக்காசை மேசையில் வைப்பார்கள், பஸ்ஸில் ரிக்கற்றை நீட்டுவார்கள். கை படுவதில்லை. அதை நான் அதுவரைக்கும் கவனிக்கவில்லை.

“பஞ்சை இறுக்கிக் கடிச்சுக்கொண்டு இருக்கோணும்,” என்று டொக்டர் பிள்ளை அனுப்பும்போது சொன்னாள். “இரத்தம் நிக்கிற வரைக்கும் கதைக்கப்படாது, துப்பப்படாது. வீட்டை போய்த்தான் பஞ்சை எடுக்கலாம். கூட வந்த அக்கா, நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ.”

திரும்பும் பஸ்ஸில் சறோஜினி எனக்குப் பக்கத்தில் இருந்தாள். மத்தியான வெயில், சனம் குறைவு. வாய் திறக்க முடிந்ததும் முதலாவதாக என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டு வந்தேன். ‘உமக்கு நான் அயலோ?’ என்று பகிடியாகத் தொடங்கலாம். பின்னேரம் ஏழு மணிக்குத் தேத்தண்ணி ஊற்றி வைக்கலாம். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றே இருந்தேன்.

தாம்போதி றோட்டில் ஏறினோம். இரண்டு பக்கமும் கடல். சறோஜினி கடலைப் பார்த்துக்கொண்டு கதைக்கத் தொடங்கினாள்.

“பாமாக்கா, உங்களால இப்ப மறுமொழி சொல்ல ஏலாது. அதால சொல்லுறன். இல்லாட்டி நீங்கள் விடமாட்டியள்.”

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் திரும்பவில்லை.

“கலியாணத்தண்டு நாப்பது பேருக்குச் சமைச்சனான். விடிய மூண்டு மணிக்கு எழும்பி. கோயிலில கதிரை எடுத்து முத்தத்தில போட்டனான். சொன்ன எல்லாரும் ஓம் ஓம் எண்டவை. ஒருத்தரும் வரேல்லை. லிங்க் கையில இருக்க ஏன் வெயிலுக்குள்ள நடப்பான் எண்டு அவையவை தங்கட தங்கட வீட்டில இருந்து பாத்திருக்கினம். அன்னபூரணம் அக்கா பிறகு வேலியால எட்டிச் சொல்லுறா, படம் நல்ல தெளிவாம். தாலி கட்டேக்க வீட்டில நானும் ரீவியும்தான் அக்கா. எழும்பி நிக்கிறதோ இருக்கிறதோ எண்டும் தெரியேல்லை. அரிசி போடக் கையில எடுத்தனான், ரீவிக்கு மேலயோ போடுறது?”

பஸ் ஒருமுறை குலுங்கியது. நான் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“மற்றவை வராதது எனக்குப் பெரிசில்லை. நீங்கள் வருவியள் எண்டு படலையைப் பாத்துக்கொண்டிருந்தனான். உங்களுக்குச் சொல்லேல்லை எண்டு நீங்கள் கோவிச்சதாம். கிறிஸ்தோப்பர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டு ஆளுக்கும் ஆரும் குங்குமம் கொண்டு போய்ச் சொல்லுறதோ அக்கா? நீங்கள் விடியவே வந்து குசினியில நிப்பியள் எண்டெல்லோ நினைச்சனான்.”

என் கண்ணைத் துடைக்கவும் எனக்குத் தோன்றவில்லை. வாயைத் திறக்கப் பார்த்தேன். அவள் கையை உயர்த்தினாள்.

“திறவாதேங்கோ. இரத்தம் வரும். நான் இண்டைக்கு வந்தது உங்கட பல்லு வருத்தத்துக்கு. கெட்டதுக்குச் சொல்லாமல் வரவேணும், வந்தனான். அவ்வளவுதான்.”

மடத்துவெளியில் இறங்கினோம். என் படலை வரைக்கும் குடை பிடித்து வந்தாள். எந்தக் குளிசை காலையில், எது சாப்பாட்டுக்குப் பிறகு என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். “போட்டு வாறன்,” என்று சொல்லவில்லை.

வீட்டுக்குள் போய்ப் பஞ்சை எடுத்தேன். கதைக்கலாம். ஆறு அறையும் இருந்தன, கதைக்க ஒருத்தரும் இல்லை. விறைத்த வாயால் “சறோ” என்று சொல்லிப் பார்த்தேன், வேறு ஆருடையவோ பெயர் போல வந்தது. கதிரையில் இருந்து அழுதேன். எத்தனை வருடம் மற்றவர்களின் கடிதத்தைச் சரியான வாசலில் சேர்த்தவள் நான். எனக்கு வந்ததைத்தான் எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. என்னை வீட்டு ஆள் என்று நினைத்த ஒரே மனிசி அவள். அவளை நாற்பது வெறுங்கதிரைக்கு நடுவில் விட்டுவிட்டு, இருநூறு மீற்றர் தள்ளி, கதவைச் சாத்திக்கொண்டு நான் தலையணையில் கலியாணம் பார்த்திருக்கிறேன்.

வியாழன் கன்னம் பூசணி போல வீங்கியது. வெள்ளி ஐந்து அறையையும் கூட்டினேன், கூட்டும்போதெல்லாம் அவளிடம் போய்ச் சொல்ல வேண்டியதை யோசித்தேன். மன்னிப்புக் கேட்கலாம். அவள், “சரி அக்கா, அது முடிஞ்ச கதை,” என்பாள். உண்மைதான், முடிந்த கதை. மன்னிப்பால் அந்தக் கதிரைகளில் ஒன்றுகூட நிரம்பப்போவதில்லை. சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, முகம் கழுவித் திருநீறு பூசிக்கொண்டு மூன்றாம் வீட்டுக்கு நடந்தேன். படலை சாத்தியிருந்தது. தள்ளினேன்.

சறோஜினி முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என் கன்னத்தைப் பார்த்தாள்.

“என்னக்கா, காய்ச்சலோ? திரும்பவும் டொக்டரிட்டப் போகோணுமோ?”

“இல்லை. பல்லுச் சுகம்.”

“அப்ப என்ன?”

“தர்சனான்ர கலியாணம் பாக்க வந்தனான்.”

அவள் கையில் இருந்த மிளகாயைப் பாயில் போட்டாள்.

“அது முடிஞ்சு மூண்டு மாசம்,” என்றாள்.

“தெரியும்.”

“நீங்கள் வீட்டில இருந்து பாத்திருப்பியள்.”

“ஓம். முழுக்கப் பாத்தனான். தனிய இருந்து பாத்தனான், சறோ. அது பாத்ததில சேராது.”

“உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே.” குனிந்து பாயை இழுத்துச் சரிசெய்தாள். “சொல்லாமல் நல்லதுக்கு வரமாட்டியள்தானே.”

“சொல்லாமல்தான் வந்தனான். போகச் சொன்னாலும் போகமாட்டன்.”

அவள் என்னைத் தாண்டிப் போய்க் காலைக் கழுவிவிட்டு உள்ளே போனாள். நான் பின்னால் போனேன். விறாந்தையில் கிடந்த இரண்டு கதிரையையும் இழுத்து ரீவிக்கு முன்னால் பக்கம் பக்கமாகப் போட்டாள். ரீவியைப் போட்டு, நேராக அந்த வீடியோவுக்குப் போனாள். தேடவில்லை, அது முதலாவதாகவே இருந்தது. மண்டப வாசல், நிறைகுடம், ஆரோ ஒரு பிள்ளை பன்னீர் தெளிக்கிறது. நான் போய் ஒரு கதிரையில் இருந்தேன். நாதஸ்வரம் தொடங்கவும் சறோஜினி சட்டென்று படத்தை நிறுத்தினாள். தன் வீட்டுச்சட்டையை மேலும் கீழும் பார்த்தாள்.

“இருங்கோ அக்கா,” என்றாள். “சீலை மாத்திக்கொண்டு வாறன்.”